பத்து பாரும் பத்து கிலோவும் ஒன்றல்ல

கோவை, திருப்பூர் பக்கம் ஒரு நூற்பாலைக்குள்ளோ சாயப்பட்டறைக்குள்ளோ அழுத்தம் காட்டும் கேஜ்களை மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று நடந்தால், ஒரே வளாகத்தில் அழுத்தத்துக்கு ஐந்தாறு அலகுகள் புழங்குவது தெரியும். பாய்லரில் கிலோ. ஜெர்மனி, சுவிஸ் மெஷின்களில் பார். ஜப்பானிலிருந்து வந்த ஏர்ஜெட் தறிகளில் மெகா பாஸ்கல். காற்றின் ஈரப்பதம் காக்கும் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் பாஸ்கல் அல்லது மில்லிமீட்டர் தண்ணீர். ஆர்.ஓ. பிளான்ட்டில் பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு. நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரில் மில்லிமீட்டர் பாதரசம். ஷிஃப்டில் இருப்பவர் இத்தனையையும் ஒரே லாக் புக்கில் எழுத வேண்டும். பெரும்பாலும் எண்ணை எழுதுவார், அலகை விட்டுவிடுவார். குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதற்காகப் பெரிய அட்டவணை எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மெட்ரிக் அழுத்த அலகுகள் இரண்டு குடும்பங்களாகப் பிரிகின்றன. ஒரு குடும்பத்துக்குள் தசமப் புள்ளியை நகர்த்தினாலே போதும். ஒரு குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போது மட்டும்தான் பெருக்கல் வருகிறது, அதற்கும் ஒரே ஓர் எண்தான்.

முதல் குடும்பம் பாஸ்கல். ஒரு சதுர மீட்டரில் ஒரு நியூட்டன் விசை என்றால் ஒரு பாஸ்கல். இந்தப் பெயரை எடை, அளவுகளுக்கான சர்வதேசப் பொது மாநாடு 1971-இல் ஏற்றது. நூறு பாஸ்கல் ஒரு ஹெக்டோ பாஸ்கல், அதுவே ஒரு மில்லிபார். ஆயிரம் பாஸ்கல் ஒரு கிலோ பாஸ்கல். ஒரு லட்சம் பாஸ்கல் ஒரு பார். பத்து லட்சம் பாஸ்கல் ஒரு மெகா பாஸ்கல். ஆக 0.6 மெகா பாஸ்கல் என்பது 6 பார், 600 கிலோ பாஸ்கல், 6,000 மில்லிபார். எல்லாம் துல்லியமான சமன்கள், தோராயம் எதுவும் இல்லை. ஒரு சதுர மில்லிமீட்டரில் ஒரு நியூட்டன் என்று கான்கிரீட், இரும்புச் சான்றிதழ்களில் வருவதும் ஒரு மெகா பாஸ்கல்தான்.

இரண்டாவது குடும்பம் புவியீர்ப்பை வைத்து வந்தது. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ எடை. மில்லில் 'ஏழு கிலோ பிரஷர்' என்றால் இதுதான். அனல்மின் நிலையத்தில் கே.எஸ்.சி. என்பதும், பழைய நீராவி அட்டவணைகளில் ஏ.டி.ஏ. என்று வருவதும் இதே அலகுதான், ஏ.டி.ஏ.வில் மட்டும் அது அப்ஸல்யூட் அழுத்தம், அதைப் பின்னால் பார்ப்போம். ஒரு கிலோ என்பது 10 மீட்டர் உயரம் நிற்கும் தண்ணீரின் அழுத்தம், அதாவது 10,000 மில்லிமீட்டர் தண்ணீர். இங்கேயும் பத்தின் மடங்குகள்தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோ எடை என்றால் அது ஒரு மில்லிமீட்டர் தண்ணீருக்குச் சமம். போன் ஆப்களில் சதுர சென்டிமீட்டருக்கும் சதுர மீட்டருக்கும் உரிய இரண்டு வரிகளும் அடுத்தடுத்து இருக்கும். விரல் தவறி அடுத்த வரியைத் தொட்டால் விடை பத்தாயிரம் மடங்கு மாறிவிடும்.

இரண்டையும் இணைக்கும் எண் 0.980665. ஒரு கிலோ = 0.980665 பார் = 98.0665 கிலோ பாஸ்கல். 1901-இல் நிலையான ஈர்ப்பு முடுக்கம் 9.80665 என்று வகுக்கப்பட்டது. அந்த எண்ணேதான் இங்கும் வருகிறது. மனக்கணக்குக்கு இரண்டு சதவீதம் போதும். பாரைக் கிலோவாக்க இரண்டு சதவீதம் கூட்ட வேண்டும், கிலோவைப் பாராக்க இரண்டு சதவீதம் கழிக்க வேண்டும். 7 பார் என்பது 7.14 கிலோ. 7 கிலோ என்பது 6.86 பார். எந்தப் பக்கம் கூட்டுவது என்று மறந்துபோனால் ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: பார் பெரிய அலகு, அதனால் பாரில் எண் சிறியதாக வரும்.

பாதரசத்தை இந்த இரண்டிலும் சேர்க்க முடியாது. ஒரு பாருக்கு 750.06 மில்லிமீட்டர், ஒரு கிலோவுக்கு 735.56 மில்லிமீட்டர், ஓர் அட்மாஸ்ஃபியருக்கு 760. அட்மாஸ்ஃபியர் என்பது 1.01325 பார் அல்லது 1.0332 கிலோ. ஆக கிலோ, பார், அட்மாஸ்ஃபியர் மூன்றும் இதே ஏறுவரிசையில், ஒன்றுக்கொன்று மூன்றரை சதவீதத்துக்குள் நெருங்கி நிற்கின்றன. இந்த நெருக்கம்தான் ஆபத்து. பி.எஸ்.ஐ.யைக் கிலோவாக எடுத்துக்கொண்டால் முள் எங்கேயோ போய் நிற்கும், யாராவது உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பாரைக் கிலோவாக எடுத்துக்கொண்டால் எதுவுமே வித்தியாசமாகத் தெரியாது, ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓடும்.

பி.எஸ்.ஐ. மெட்ரிக் அலகல்ல, ஆனால் ஷாப் ஃப்ளோரில் அதைத் தவிர்க்க வழியில்லை. அதற்கு ஒரு நல்ல குறுக்குவழி உண்டு. பி.எஸ்.ஐ.யை 7-ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் கிட்டத்தட்டக் கிலோ வந்துவிடும். 90 பி.எஸ்.ஐ. என்றால் 6.3 கிலோ, துல்லியமாகப் போட்டால் 6.33. பார் வேண்டுமானால் 14.5-ஆல் வகுக்க வேண்டும், 6.2 வரும்.

இனி, இந்த இரண்டு சதவீதம் எப்போது பொருட்டு, எப்போது பொருட்டல்ல என்று பார்ப்போம். லைனில் மாட்டியிருக்கும், வளைந்த உலோகக் குழாயால் இயங்கும் சாதாரண போர்டன் கேஜ் பெரும்பாலும் 1.6 வகுப்பு. அதன் பொருள், முழு அளவுகோலில் 1.6 சதவீதம் வரை பிழை இருக்கலாம் என்பது. 0-விலிருந்து 16 பார் வரையான கேஜில் இது 0.256 பார். 6 பாருக்கும் 6 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் 0.12 பார்தான், கேஜின் சொந்தப் பிழையில் பாதிகூட இல்லை. ஏர் லைனில் 'ஆறு' என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அதற்காக மெக்கானிக்கைத் திருத்திக்கொண்டிருப்பது நேர விரயம்.

உச்சவரம்பு என்று வந்துவிட்டால் நிலைமை வேறு. நம்மூர் பாய்லர்களின் பெயர்ப்பலகையில் 10.54 கிலோ என்று அடிக்கடி பார்க்கலாம். யாரும் யோசித்து வைத்த எண் அல்ல அது. பழைய 150 பி.எஸ்.ஐ.யை அப்படியே கிலோவாக்கியதில் வந்தது. 17.5 கிலோ என்பது 250 பி.எஸ்.ஐ.யிலிருந்து வந்தது. இந்த 10.54 கிலோ பாய்லருக்கு உரிய அழுத்தம் பாரில் 10.34. சேஃப்டி வால்வைச் செட் செய்யும் பெஞ்சில் பார் கேஜ் இருந்து, அதில் 10.54 என்று வைத்துவிட்டால் வால்வு 10.75 கிலோவில்தான் திறக்கும். அனுமதித்த உச்ச அழுத்தத்துக்கு மேலே போய்த் திறக்கும் வால்வு, வால்வே அல்ல. தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் ஹைட்ராலிக் சோதனையிலும் இதேதான். ஒன்றரை மடங்கு என்றால் 15.81 கிலோ, அதாவது 15.5 பார். பார் கேஜில் 15.81 வரை ஏற்றினால் உண்மையில் 16.12 கிலோ ஏறிவிடும்.

தவறு எந்தத் திசையில் விழுகிறது என்று பார்க்கப் பழக வேண்டும். கிலோவில் சொன்ன எண்ணைப் பார் கேஜில் வைத்தால் அழுத்தம் கூடும். பாரில் சொன்னதைக் கிலோ கேஜில் வைத்தால் குறையும். பாதுகாப்பு வரம்புகளில் முதல் வகைதான் ஆபத்து. ஒரு மெஷினுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்று கேட்கும் இடங்களில் இரண்டாவது வகை தொல்லை தரும். பிரஷர் ஸ்விட்ச் அடிக்கடி டிரிப் ஆகும்.

10.54 போன்ற விசித்திரமான தசமம் கண்ணில் பட்டால், அது எந்த அலகில் பிறந்தது என்று தேடுவது நல்ல பழக்கம். பழைய ஜப்பான் மெஷின் கையேடுகளில் 0.49, 0.98 மெகா பாஸ்கல் என்று வரும். முதலில் 5 கிலோ, 10 கிலோ என்று இருந்தவை அவை. ஜப்பான் 1999-இல் முழுமையாகச் சர்வதேச அலகுகளுக்கு மாறியபோது எண்களும் மாறின. வீட்டு எல்.பி.ஜி. அடுப்புக்கான இந்தியத் தரத்தில் அழுத்தம் 2.942 கிலோ பாஸ்கல். சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம், அதாவது 300 மில்லிமீட்டர் தண்ணீர் என்பதுதான் அதன் மூலம். மூல எண் தெரிந்துவிட்டால், கடைசித் தசமம் உண்மையிலேயே முக்கியமா, வெறும் மாற்றத்தின் எச்சமா என்பதும் தெரிந்துவிடும். 0.98 மெகா பாஸ்கல் என்று போட்ட பழைய மெஷினில் 0.98-க்கும் 1.0-க்கும் உள்ள வித்தியாசத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மெகா பாஸ்கலுக்கு உள்ள தனித் தொல்லை அதன் தசமம். ஏர்ஜெட் தறியில் நாசில் பிரஷரை 0.01 மெகா பாஸ்கல் கூட்டினால் 0.1 பார் கூடுகிறது. 0.05 கூட்டினால் அரை பார். 'ஒரு புள்ளிதானே' என்று ரெகுலேட்டரைத் திருகுகிறவர் அரை பாரை ஏற்றியிருப்பார். பாரில் 3.2-இலிருந்து 3.7-க்கு ஏற்றச் சொன்னால் அதே ஃபிட்டர் ஏன் என்று கேட்பார். மெகா பாஸ்கல் ரீடிங்கை எப்போதும் இரண்டு தசமத்தோடு எழுத வேண்டும். 0.3 என்று எழுதினால் அது 2.5 பாரிலிருந்து 3.5 பார் வரை எதுவாகவும் இருக்கலாம்.

இதற்கு மின்கட்டணத்திலும் விலை உண்டு. மெஷின் தயாரிப்பாளர் 0.55 மெகா பாஸ்கல் போதும் என்கிறார். அது 5.5 பார், 5.6 கிலோ, 80 பி.எஸ்.ஐ. கம்ப்ரஸர் ரூமில் பி.எஸ்.ஐ. கேஜ் என்றால், 'கொஞ்சம் சேர்த்து' 90 என்று வைப்பார்கள். 90 பி.எஸ்.ஐ. என்பது 6.2 பார், அதாவது 0.7 பார் அதிகம். கம்ப்ரஸர் டெலிவரி அழுத்தத்தை ஒரு பார் குறைத்தால் மின்சாரம் 6 முதல் 10 சதவீதம் வரை மிச்சமாகும் என்பது எரிசக்தித் தணிக்கைகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் ஸ்க்ரூ கம்ப்ரஸரில் இந்த 0.7 பார் சின்னத் தொகை அல்ல. லைன் இழப்புக்காகக் கூட்டி வைப்பது சரிதான். அதை அளந்து கூட்ட வேண்டும், அலகு மாற்றும்போது எண்ணை முழு எண்ணாகச் சுற்றி விடுவதன் மூலம் கூட்டக் கூடாது.

பெரிய எம், சிறிய எம் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆங்கிலக் குறியீட்டில் பெரிய எம் மெகா, சிறிய எம் மில்லி. இரண்டுக்கும் நூறு கோடி மடங்கு வித்தியாசம். கம்ப்ரஸர் ரூமில் யாரும் மில்லி பாஸ்கலைப் பேசமாட்டார்கள் என்பதால் பொருள் புரிந்துவிடும். ஆனால் டிஜிட்டல் மீட்டரில் யூனிட் தேர்ந்தெடுக்கும்போது இரண்டும் பட்டியலில் இருந்தால் கவனம் தேவை. மில்லிபாரும் பாரும் உள்ள இடத்திலும் அப்படியே.

அடுத்தது எல்லாவற்றையும்விட முக்கியமானது. கேஜ் அழுத்தத்துக்கும் அப்ஸல்யூட் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் அலகு மாற்றமே அல்ல. அதைப் பெருக்கிப் பெற முடியாது, கூட்டவோ கழிக்கவோதான் வேண்டும். லைனில் உள்ள கேஜ் வெளியே இருக்கும் காற்றழுத்தத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு காட்டுகிறது. நீராவி அட்டவணைகளும் வாயு விதிகளும் அப்ஸல்யூட் அழுத்தத்தில், அதாவது முழு வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்த அழுத்தத்தில் பேசுகின்றன. முதலில் அலகை மாற்றி, பிறகு அதே அலகில் காற்றழுத்தத்தைக் கூட்ட வேண்டும். 10 கிலோவோடு 1.013-ஐக் கூட்டுவது தவறு. 9.81 பாரோடு 1.013 பாரைக் கூட்டி 10.82 பார் அப்ஸல்யூட் என்பதே சரி. அதில் நீராவியின் வெப்பநிலை சுமார் 183 டிகிரி.

இங்கே எந்தத் தவறு எவ்வளவு கடிக்கிறது என்று பார்க்கலாம். 10 கிலோவை 10 பார் என்று எடுத்துக்கொண்டால் வெப்பநிலைக் கணக்கில் ஒரு டிகிரிக்கும் குறைவான பிழை. கேஜில் உள்ள 10 பாரை அப்ஸல்யூட் என்று நினைத்து அட்டவணையைப் பார்த்தால் 184 டிகிரிக்குப் பதில் 180 டிகிரி கிடைக்கும், நான்கு டிகிரி பிழை. அழுத்தம் குறையக் குறைய இந்தப் பிழை பூதாகரமாகிறது. கேஜில் 1 பார் என்றால் நீராவி 120 டிகிரி. அப்ஸல்யூட் 1 பார் என்றால் 99.6 டிகிரிதான்.

பாலியெஸ்டர் சாயமிடும் மெஷினில் 130 டிகிரி வேண்டும். அந்த வெப்பநிலையில் தண்ணீர் கொதிக்காமல் இருக்க 2.7 பார் அப்ஸல்யூட் வேண்டும். கேஜில் அது சுமார் 1.7 பார். மெஷினுக்குள் இதைவிடக் கூடுதலாக அழுத்தம் வைத்திருப்பார்கள், பம்புக்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகி அது கேவிட்டேட் ஆகாமல் இருப்பதற்காக. ஆனால் கேஜில் 2.7 என்று பார்த்துவிட்டு 'டெம்பரேச்சர் 130 வந்துவிட்டது' என்று முடிவு கட்டக் கூடாது. உள்ளே இருப்பது நீராவி மட்டும் என்றால் கேஜ் 2.7 பாருக்கு 141 டிகிரி வரும். உள்ளே காற்றடித்து ஏற்றிய அழுத்தமும் சேர்ந்திருந்தால் 130-ஐக்கூடத் தொட்டிருக்காது. சாய மெஷினில் வெப்பநிலைக்கு வெப்பமானியைத்தான் நம்ப வேண்டும்.

காற்றழுத்தமும் எல்லா ஊரிலும் 1.013 பார் அல்ல. திட்ட வளிமண்டலக் கணக்குப்படி 411 மீட்டர் உயரத்தில் உள்ள கோவையில் சுமார் 965 ஹெக்டோ பாஸ்கல். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் சுமார் 772. வானிலையால் நாளுக்கு நாள் சில ஹெக்டோ பாஸ்கல் ஏறி இறங்கும், அது வேறு. மருத்துவமனை ஆட்டோகிளேவில் 121 டிகிரிக்கு 15 பி.எஸ்.ஐ. என்று எல்லோரும் சொல்வது கடல்மட்டக் கணக்கு. 121 டிகிரிக்கு வேண்டியது 2.05 பார் அப்ஸல்யூட். அதில் சென்னையின் காற்றழுத்தத்தைக் கழித்தால் கேஜில் 1.04 பார், அதாவது 15 பி.எஸ்.ஐ. ஊட்டியில் கழித்தால் 1.28 பார், அதாவது 1.3 கிலோ அல்லது 18.5 பி.எஸ்.ஐ. ஊட்டியில் 15 பி.எஸ்.ஐ.யோடு நிறுத்தினால் உள்ளே 117 டிகிரிதான் இருக்கும். கருவிகள் கிருமி நீங்காமல் வெளியே வரலாம். மலைப்பகுதியில் ஆட்டோகிளேவ் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு கணக்கையாவது மெஷின்மேல் எழுதி ஒட்ட வேண்டும்.

வாக்குவம் பக்கம் இதைவிட மோசம். எவாப்பரேட்டரில் கேஜ் மைனஸ் 700 மில்லிமீட்டர் பாதரசம் காட்டுகிறது. 760-இலிருந்து 700-ஐக் கழித்து 60 மில்லிமீட்டர், அதாவது 80 மில்லிபார் அப்ஸல்யூட் என்று கணக்குப் போடுவார்கள். கடல்மட்டத்தில் அது சரி. கோவையின் காற்றழுத்தம் பாதரசத்தில் 724 மில்லிமீட்டர்தான். 724-இலிருந்து 700 போனால் 24, அதாவது 32 மில்லிபார். 80 மில்லிபாரில் தண்ணீர் 41 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும், 32 மில்லிபாரில் 25 டிகிரியில் கொதிக்கும். கண்டென்சருக்கான கூலிங் வாட்டர் கணக்கு மொத்தமும் இதனால் மாறிப்போகும். இன்னொன்றும் இதிலிருந்து கிடைக்கிறது. கோவையில் ஒரு வாக்குவம் கேஜ் மைனஸ் 750 காட்டினால் பம்ப் அபாரமாக ஓடுகிறது என்று பொருளல்ல, கேஜ் பழுது. ஊட்டியில் மைனஸ் 579-க்குக் கீழே எந்தப் பம்பாலும் போக முடியாது. பேக்கிங் மெஷின்களில் மைனஸ் 0.09 மெகா பாஸ்கல் என்று வரும். அது மைனஸ் 0.9 பார், மைனஸ் 675 மில்லிமீட்டர் பாதரசம்.

இரண்டு அழுத்தங்களுக்கு இடையிலான வித்தியாசத்துக்கு மட்டும் இந்தக் கூட்டல் கழித்தல் எதுவும் கிடையாது. ஃபில்ட்டரில் 25 மில்லிமீட்டர் தண்ணீர் வித்தியாசம் என்றால் 245 பாஸ்கல், அவ்வளவுதான். பாய்லர் ஃபர்னஸில் மைனஸ் 5 மில்லிமீட்டர் டிராஃப்ட், அதாவது காற்று இழுவை என்றால் மைனஸ் 49 பாஸ்கல். இந்தச் சிறிய அழுத்தங்களில் ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து பாஸ்கல் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆர்.ஓ. மெம்பரேனில் ஒரு எலிமென்ட்டுக்கு 15 பி.எஸ்.ஐ., ஒரு வெசலுக்கு 50 பி.எஸ்.ஐ. என்று பொதுவாகத் தரும் வித்தியாச வரம்புகளும் அப்படித்தான்: 1.03 பார், 3.45 பார். இரண்டு பக்கமும் ஒரே அலகு கேஜ்தானா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே போகும் பக்கம் 12 பார், வெளியே வரும் பக்கம் 12 கிலோ என்று காட்டினால், வித்தியாசம் பூஜ்யம் என்று எழுதுவார்கள். உண்மையில் 0.23 பார் இழப்பு இருக்கிறது.

பம்ப் வாங்கும்போது மீட்டர் ஹெட், அதாவது பம்ப் தூக்கும் உயரம் வருகிறது. தண்ணீருக்கு 10 மீட்டர் ஒரு கிலோ என்பது எளிது. அதனால்தான் விவசாயிகள் வாங்கும் '6 கிலோ பைப்' 60 மீட்டர் ஹெட்டுக்கு என்று எல்லோருக்கும் தெரியும். இந்தியத் தரத்தில் அதுவே 0.6 மெகா பாஸ்கல், 27 டிகிரி வெப்பநிலையில். சரியாக 60 மீட்டர் நிலை உயரத்துக்கு 6 கிலோ பைப் போட்டால் தண்ணீர் அடிக்கும் அதிர்ச்சிக்கு மிச்சமே இருக்காது. திரவம் மாறினால் கணக்கு மாறும். 50 சதவீதக் காஸ்டிக் லை, அதாவது காஸ்டிக் சோடாக் கரைசல் தண்ணீரைப்போல் 1.525 மடங்கு கனமானது. 50 மீட்டர் ஹெட் தரும் பம்ப் அதை 50 மீட்டர் தூக்கத்தான் செய்யும், ஆனால் டெலிவரி கேஜ் 5 கிலோவுக்குப் பதில் 7.6 கிலோ காட்டும், மோட்டாரும் அதற்கேற்பக் கூடுதல் கரண்ட் இழுக்கும். காஸ்டிக் டேங்கின் மட்டத்தை, அழுத்தத்தை மின் சிக்னலாக மாற்றும் டிரான்ஸ்மிட்டர் வைத்து அளக்கிறீர்கள் என்றால் 3 மீட்டர் காஸ்டிக்குக்கு 44.9 கிலோ பாஸ்கல் என்று ஸ்கேல் செய்ய வேண்டும். தண்ணீர்க் கணக்கில் 29.4 என்று விட்டுவைத்தால், டேங்க் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதுமே திரையில் முழுவதும் நிரம்பியதாகக் காட்டும்.

கேஜ் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் இதே கணக்குதான். பாய்லர் டிரம்மிலிருந்து நீராவி கேஜுக்கு வரும் குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கும். சைஃபன் என்ற வளைகுழாய் வைப்பதே அதற்காக, சூடான ஆவி போர்டன் குழாயைத் தொடாமல் இருக்க. படிக்க வசதியாக கேஜை 6 மீட்டர் கீழே கொண்டுவந்து மாட்டினால் அந்தத் தண்ணீரின் எடையால் 0.6 கிலோ கூடுதலாகக் காட்டும். இரண்டு சதவீதத்துக்காக அலகுகளைத் திருத்தும் இடத்தில், ஆறு சதவீதப் பிழை குழாயிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

டிரான்ஸ்மிட்டருக்கும் மெஷினைக் கட்டுப்படுத்தும் கணினியான பி.எல்.சி.க்கும் இடையில் நடக்கும் தவறு அமைதியானது. 4-20 மில்லி ஆம்பியர் சிக்னலுக்கு அலகு கிடையாது. 0-10 பார் டிரான்ஸ்மிட்டர் 6 பாரில் 13.6 மில்லி ஆம்பியர் அனுப்பும். பி.எல்.சி.யில் 0-10 கிலோ என்று ஸ்கேல் செய்திருந்தால் திரையில் 6.00 கிலோ என்று வரும், வர வேண்டியது 6.12. இதுபோன்ற தவறு எப்படி நுழைகிறது என்றால், யாரோ டிரான்ஸ்மிட்டரில் யூனிட்டைப் பாரிலிருந்து கிலோவுக்கு மாற்றுவார்கள். கருவி தானாகவே 0-10.197 கிலோ என்று சரியாக மாற்றிக்கொள்ளும். அந்த 10.197 பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று 10 என்று திருத்திவிடுவார்கள். அங்கே ஸ்பேன், அதாவது அளக்கும் வீச்சு மாறிவிட்டது, பி.எல்.சி.க்குத் தெரியாது. யூனிட்டை மாற்றினால் இரண்டு முனையிலும் மேல், கீழ் வரம்புகளை எழுதி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 12 மில்லி ஆம்பியர் செலுத்தி, இரண்டு முனையிலும் அளவுகோலின் நடு எண் ஒரே அலகில் ஒத்துவருகிறதா என்று பார்த்தால் ஐந்து நிமிட வேலை. மில்லிமீட்டர் தண்ணீர் என்பதிலும் சில டிரான்ஸ்மிட்டர்களில் 4 டிகிரித் தண்ணீர், 20 டிகிரித் தண்ணீர் என்று இரண்டு இருக்கும். வித்தியாசம் 0.18 சதவீதம், டிராஃப்ட்டுக்குத் தேவையில்லை, வாயு ஓட்ட மீட்டருக்குத் தேவைப்படலாம்.

கருவிகளின் துல்லியத்தைச் சரிபார்க்கும் கேலிப்ரேஷனில் மட்டும் 0.98 போதாது, 0.980665 முழுவதும் வேண்டும். இரண்டுக்கும் 0.07 சதவீத வித்தியாசம். எடைக்கற்களால் அழுத்தம் உண்டாக்கிக் கேஜைச் சோதிக்கும் டெட்வெயிட் டெஸ்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். எடைக்கற்கள் 9.80665 ஈர்ப்புக்கு வார்க்கப்பட்டிருந்தால், கோவையில் ஈர்ப்பு 9.781 அளவில் இருப்பதால் உண்டாகும் அழுத்தம் 0.26 சதவீதம் குறைவு. உள்ளூர் ஈர்ப்புத் திருத்தம் போட்ட சான்றிதழா என்று கேட்டு வாங்க வேண்டும்.

தசமங்களைச் சுற்றி எழுதுவது எப்போதும் கடைசியில்தான். அதிலும் திசை உண்டு. உச்சவரம்பைக் கீழ்நோக்கிச் சுற்ற வேண்டும்: 10.336 பார் என்பதை 10.3 என்று எழுதலாம், 10.4 என்று எழுதக் கூடாது. குறைந்தபட்சத் தேவையை மேல்நோக்கிச் சுற்ற வேண்டும்: 5.61 கிலோ என்பது 5.7 ஆகலாம். குழாய்களை இணைக்கும் ஃப்ளாஞ்சில் கிளாஸ் 150 என்று இருந்தால் அதை மாற்ற முயலவே கூடாது. அது 150 பி.எஸ்.ஐ. அல்ல, வழக்கமான கார்பன் ஸ்டீல் ஃப்ளாஞ்ச் என்றால் சாதாரண வெப்பநிலையில் 19.6 பார் வரை தாங்கும், 200 டிகிரியில் 13.8 பார்தான். பட்டியலைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கேஜ் மாற்றும் நாள்தான் அலகு மாறிப்போகும் நாள். பெரும்பாலான கேஜ்களில் இரண்டு அளவுகோல்கள் இருக்கும். பழையதில் வெளிவட்டம் கிலோ, உள்வட்டம் பி.எஸ்.ஐ. புதிதாக வந்ததில் வெளிவட்டம் பார். ஆபரேட்டர் வெளிவட்டத்தைத்தான் படிப்பார், லாக் புக்கில் தலைப்பு கிலோ என்றே இருக்கும். சிவப்புக் கோட்டையும் பழைய எண்ணிலேயே போட்டுவிடுவார்கள். கேஜுக்கு ஆர்டர் எழுதும்போது இவ்வளவும் இருக்க வேண்டும்: அலகு, அந்த அலகு வெளிவட்டத்தில் வேண்டும் என்பது, அளவுகோல் எங்கிருந்து எதுவரை, டயல் விட்டம், துல்லிய வகுப்பு, இணைப்பு நூல். சீராக ஓடும் அழுத்தம் என்றால் அளவுகோலின் முக்கால் பங்குக்குள் இருக்க வேண்டும், ஏறி இறங்கும் அழுத்தம் என்றால் மூன்றில் இரண்டு பங்குக்குள். 10.54 கிலோ பாய்லருக்கு 0-16 போதும் என்று தோன்றும், 15.81 கிலோ சோதனைக்கு அதே கேஜைப் பயன்படுத்தினால் முள் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும், சோதனைக்குத் தனி கேஜ் 0-25 வேண்டும். கிளிசரின் நிரப்பிய கேஜ் என்றால் மாட்டிய பிறகு மேலே உள்ள ரப்பர் மூடியின் வென்ட்டைத் திறந்துவிட வேண்டும். மூடியே விட்டால் வெயிலில் உள்ளே அழுத்தம் கூடி, குறைந்த அளவுகோல் உள்ள கேஜ்களில் பூஜ்யம் நகர்ந்துவிடும். பழைய கேஜைக் கழற்றுமுன் அதன் முகத்தைப் போனில் படம் பிடித்து ஆர்டரோடு அனுப்பினால், ஸ்டோர்ஸில் இருப்பவருக்கும் சப்ளையருக்கும் இடையில் அலகைப் பற்றிப் பேச்சே எழாது.